கையொப்பத்திற்கு ஒரு சீட்டு

பூனாகலையில் கொரியா என்றால் பரீட்சை எழுதி வேலைக்குப் போகும் நாடு. இப்போது பிள்ளைகளுக்கு அது பாட்டுக்காரர்களின் நாடு. அயல்வீட்டுச் சகோதரர் ஒருவர், "மகள் ஒரே இசைத்தட்டில் பத்து வாங்கக் காசு கேட்கிறாள், இது என்ன வியாபாரம் நானா?" என்றார். விசாரித்துப் பார்த்தேன்.

புதிய ஆல்பம் வெளிவந்ததும் குறிப்பிட்ட கடைகள் கையொப்ப நிகழ்ச்சியை அறிவிக்கும். குறித்த நாட்களுக்குள் அங்கு வாங்கும் ஒவ்வொரு பிரதியும் குலுக்கலில் ஒரு சீட்டு. தெரிவானவர் பாடகர் முன் ஓரிரு நிமிடம் அமரலாம். 2020இல் கொரோனா வந்தபின் காணொளி அழைப்பிலும் நடக்கிறது. தோட்டப்புறம் வரை ஆசை எட்டியது அப்படித்தான். தெரிவாகாதவரிடம் மிஞ்சுவது ஒரே தட்டு பத்து. உள்ளே எந்தப் பாடகரின் படஅட்டை என்பதும் பிரித்த பிறகே தெரியும். 2024இல் டோக்கியோவின் ஷிபுயாவில் செவன்டீன் குழுவின் ஆல்பங்கள் பெட்டி பெட்டியாகத் தெருவில் கிடந்தன.

கெட்டிக்கார வியாபாரம்தான். ஆனால் முதல் தட்டு பாட்டுக்கு, பத்தாவது தட்டு சீட்டுக்கு. ஒன்றுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்றேன்.

தேவையான பொருளை வழமையான விலைக்கு வாங்கும்போது பரிசு கிடைத்தால் கூடும். பரிசுக்காகவே வாங்கினால் சூதாகும் என்பது ஆலிம்கள் பலரின் கருத்து. பெருநாள் காலத்தில் துணிக்கடைகளில் நாம் கொடுக்கும் அதிர்ஷ்டக் கூப்பனுக்கும் இதே கணக்குத்தான். கூப்பனுக்காக விலையை ஏற்றினோமா என்று பில் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.