வம்சமா, வடையா?

மேலநீலிதநல்லூர் பக்கம் டீக்கடையில் யாருடைய தொப்பையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் பதில் தயாராக இருக்கும்: “எங்க வம்சமே இப்படித்தாம்டே, பச்சத்தண்ணி குடிச்சாலும் ஒடம்பு வச்சிரும்.” கையில் இரண்டாவது வடை இருப்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தப் பேச்சைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

கனடாவில் கிளாட் புஷார் என்ற ஆய்வாளரின் குழுவினர் 12 ஜோடி ஒத்த இரட்டையர்களுக்கு, வாரம் ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாட்கள், தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிடக் கொடுத்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது. ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம். இன்னொருவருக்கு 13 கிலோ! ஆனால் ஒரே ஜோடி இரட்டையர்களுக்குள் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அதே சாப்பாடு யாருக்கு எவ்வளவு ஒட்டும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

2007-இல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்கு எடையோடு உள்ள தொடர்பு பிடிபட்டது. எடை கூட்டும் அதன் வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அதுவும் பெரும்பாலும் பசியைத் தூண்டித்தான் எடையைக் கூட்டுகிறது. பச்சைத்தண்ணீரைக் கொழுப்பாக்கும் மரபணு எதுவும் கிடையாது.

இனி நம் கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். இந்த இடைவெளியில் வம்சம் மாறவில்லை. மானாவாரிக் காட்டுக்கு நடந்துபோய்க் களையெடுத்த கால்கள் வண்டியில் ஏறிவிட்டன. கம்பங்கூழ் போய்ப் பகலெல்லாம் அரிசி, ராத்திரிக்குப் புரோட்டா. ஊரே பெருத்ததற்குப் பழி இவற்றின்மேல்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்களையே ஒப்பிட்டு லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது.

ஆகவே எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். டெய்லர் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். (வேட்டியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிவிட்டு அந்த இடத்தில் அளப்பது செல்லாது.) ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள்.