சுழியோடியின் பயிற்சியும் விழிப்பும்

பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு 40 மீற்றர் ஆழமே எல்லையென வகுத்துள்ளனர். அவ்வெல்லையைக் கடந்தோ, நீர் நிறைந்த குகைகளுட் புகுந்தோ, இடையிடையே தரித்து மேலெழவேண்டிய முறையிலோ நிகழ்த்துவது தொழினுட்பச் சுழியோட்டம் எனப்படும். 1942 ஏப்ரில் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலால் மூழ்கி, மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கும் 'ஹேர்மீஸ்' கப்பலைக் காணச் செல்வோர் இவ்வகையினரே. இத்துறையிற் பாதுகாப்பு எதனால் அமைகின்றதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 50 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதன் ஆறு மடங்காம். ஆகவே, மேலே ஒரு மணி நேரத்துக்குப் போதிய வளி அங்கே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அமுக்கமுற்ற நைதரசன், மது உண்டார்க்குப்போல அறிவை மயக்கிப் பொய்த் துணிவை விளைக்கும். ஆழத்திற் செல்வோர் ஈலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பது இதனாலேயே. உடலிற் கரைந்த வாயுவோ, விரைந்து மேலெழுவானது குருதியிற் குமிழியாகி ஊறு செய்யும். இடர் நேர்ந்தால் உடனே மேலே வந்துவிடலாம் என்னும் வழி இவ்வாறு அடைபடுகின்றது. நீருக்குள் நேர்ந்த பிழையை நீருக்குள்ளேயே தீர்த்தல் வேண்டும். பயிற்சி முழுவதற்கும் அடிப்படை இதுவே.

புளோரிடாவின் குகைகளில் இறந்தோரின் வரலாறுகளை ஆராய்ந்த செக் எக்ஸ்லி என்னும் அமெரிக்க ஆசிரியர், 1979இல் வெளியிட்ட நூலில், இறப்புக்குரிய காரணங்களுள் மூன்றினைத் தலையாயவையெனக் காட்டினார். வாயில்வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இன்மை, திரும்புதற்குரிய வளியைச் சேமியாமை, ஆழவெல்லையை மீறுதல் என்பனவே அவை. இவற்றுள் இரண்டாவதை நோக்குக. உள்ளே செல்ல மூன்றிலொரு பங்கு வளியே செலவிடத்தக்கது, மற்றொரு பங்கு மீள்வதற்கு, எஞ்சியது இடருக்கு. உட்கோடியில் ஒருவனது வளி அற்றுப்போயின், தோழனிடமுள்ள இரு பங்கினாலேயே இருவரும் மீளவேண்டும். ஆதலின், ஒருவன் சேமிக்கும் வளி பிறன் உயிருமாம்.

இன்றியமையாத கருவி ஒவ்வொன்றுக்கும் மாற்றுக் கருவி கொண்டுசெல்லல் இத்துறையின் மரபு. குகையுட் செல்வோன் மூன்று விளக்குகளேனும் வைத்திருப்பான். எனினும், இருளில் மாற்றுக் கருவியைக் கை தானே நாடும்வரை பழகாதானுக்கு அதனாற் பயனில்லை. இதனாலேயே மாணாக்கரின் கண்ணை மறைத்துக் கயிற்றைத் தடவி வெளியேறவும், தோழனுக்கு வளி ஈயவும் மீண்டும் மீண்டும் பயிற்றுவர். நீரில் இறங்குமுன் ஒவ்வொரு கருவியையும் பட்டியலின்படி சோதித்தலும் இப்பயிற்சியின் கூறாகும்.

இவற்றினும் அரியது உள்ளப் பயிற்சி. ஒருமுறை விதியை மீறியும் ஊறின்றி மீண்டவன், அவ்விதி வேண்டாததென எண்ணத் தொடங்குகின்றான். பன்முறை மீண்டபின் மீறலே வழக்கமாகிவிடும். இதற்கு மாற்றாகவே, குழுவில் எவரும், எந்நேரத்திலும், காரணங் கூறாமலே சுழியோட்டத்தை நிறுத்தலாம் என்னும் நெறி பிறந்தது. அங்ஙனம் நிறுத்தியவனைக் கோழையென இகழாத குழுவிலேதான் இந்நெறி உயிர்பெறும்.

எக்ஸ்லியும் 1994இல் மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்னும் நீர்க்கிடங்கில் மிகப் பேராழம் நாடி உயிர்துறந்தார். விதி வகுத்த பேரறிஞனுக்கும் ஆழம் விலக்களிப்பதில்லை. வெற்றியின் மகிழ்ச்சியிற் கடமையை மறத்தலைக் கடிவதற்கென்றே வள்ளுவர் பொச்சாவாமை என ஓரதிகாரம் வகுத்தார். ஆய்வுகூடத்திலும் வீதியிலும் பணியாற்றும் நமக்கும், நூறாவது முறையையும் முதன்முறையெனக் கருதும் அவ்விழிப்பு வேண்டற்பாலதே.