கூலி வேறு, சந்தோசம் வேறு

மனமுவந்து கொடுக்கும் பணத்துக்குச் ‘சந்தோசம்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பொல்லாத புத்திசாலியாக இருந்திருத்தல் வேண்டும். கொடுப்பவனுடைய மனநிலையையே கொடுக்கும் பொருளுக்குப் பெயராக்கிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் இலை போட்டவருக்கும், மூட்டை தூக்கி வந்தவருக்கும், வாடகை வண்டி ஓட்டியவருக்கும் கேட்ட கட்டணத்துக்கு மேல் நாம் கொடுக்கும் சில்லறை அது. இனாம் என்பாரும் உளர். டிப்ஸ் என்பது இக்காலத்தார் வழக்கு. பெயர் எதுவாயினும் அதன் இலக்கணம் ஒன்றே: கொடுப்பவன் மகிழ்ந்தால் உண்டு, மகிழாவிட்டால் இல்லை.

இந்தச் சில்லறை விவகாரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். இலை போட்டவருக்குச் சந்தோசம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் யாருடைய உயிருக்கும் மோசமில்லை. ஆயின், பிறனொருவனுடைய உயிரைத் தன் கையிற் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் இறங்குபவனுக்கும் இதே இலக்கணத்தைப் பொருத்தினால் என்னாகும்? அதுவே இங்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் எங்கள் அம்பாறைக் கரை மணற்கரை. அதன் தென்பகுதியில், பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில், அலைச்சறுக்கல் கற்பிப்பது ஒரு தொழிலாகிவிட்டது. வடக்கே பாசிக்குடாவிலும், திருகோணமலைக்கு அப்பால் நிலாவெளியிலும், காற்றுச் சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு பவளப் பாறைகளையும் மூழ்கிய கப்பல்களையும் பார்த்துவரும் ஸ்கூபாச் சுழியோடல் நடைபெறுகிறது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் அதனினும் ஆழங் குறைந்த இடத்திற் கிடக்கிறது. இவற்றைக் காண்பதற்கென்றே கடல் கடந்து வருவோர் உளர். வருவோர்க்குச் சுழியோடக் கற்பித்து, கூட்டிச்சென்று, திரும்பக் கரைசேர்ப்பவனே சுழியோடல் பயிற்றுநன். எங்கள் கரையூர் இளைஞர் சிலரும் இத்தொழிலைக் கற்றுள்ளனர்.

இவன் செய்யும் வேலை யாது? கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுக்கம் கூடுகிறது. 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அதை அடக்கியபடியே ஒருவன் மேலே வருவானாயின், அந்தக் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அன்றியும், ஆழத்தில் இரத்தத்திற் கரைந்த நைதரசன், விரைந்து மேலெழுந்தால் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். ஆதலின், தொடக்கநிலை மாணவனுக்கு 18 மீற்றருக்குக் கீழே இடமில்லை. மேலே வரும்போது 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருதல் வழக்கம். முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கியதாற் பிழைத்தனர். சிலிண்டரோடு இறங்குபவனோ மூச்சை அடக்கினால் மடிவான். எனவே ‘மூச்சை அடக்காதே’ என்பதே அவன் கற்கும் முதற் பாடம்.

இன்னும் கூர்ந்து நோக்கினால், பயிற்றுநனுடைய தொழிலின் உயிர்நாடி ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லில் அடங்கியிருப்பதைக் காணலாம். இன்று கடல் கொந்தளிக்கிறது, இறங்க வேண்டாம். உமக்குச் சளி பிடித்திருக்கிறது, காதுக்கு ஆபத்து, இன்று வேண்டாம். சிலிண்டரிற் காற்றுக் குறைந்துவிட்டது, ஆமையைப் பின்தொடர வேண்டாம், திரும்புவோம். முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்ற நீர் இன்னும் பழகவில்லை, சான்றிதழ் இப்போது வேண்டாம். பல்லாயிரம் ரூபா செலவழித்து நெடுந்தூரம் வந்தவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள் இவை. இவற்றுள் எதுவும் கேட்பவரை மகிழ்விப்பதில்லை.

அவனுக்கு வருமானம் வரும் வழியையும் பார்ப்போம். மாதச் சம்பளக்காரர் சிலரே. ஒரு சுழியோடலுக்கு இவ்வளவு, ஒரு மாணவன் சான்றிதழ் பெற்றால் இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதே இத்தொழிலில் உலகெங்கும் பரவியிருக்கும் வழக்கம். பயிற்றுநன் தன் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் பணங்கட்டிப் புதுப்பிக்கவேண்டும்; காப்புறுதியும் வேண்டும். 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பாடி என்னும் பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, பயிற்றுநர் தேர்வுக்கு வருபவன் அதற்குமுன் 100 தடவையாவது சுழியோடியிருத்தல் வேண்டும். இத்தனையும் செய்து முடித்தவனுக்குக் கீழைக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்தெம்பர் வரையே தெளிந்திருக்கும். வாடைக்காற்று எழுந்ததும் கடல் கலங்கிவிடும். பின்னர் ஹிக்கடுவைக்கோ உனவட்டுனைக்கோ போய் வேலை தேடவேண்டும், அன்றேல் வீட்டிலிருக்கவேண்டும். விடுதிகளும் உணவகங்களும் பற்றுச்சீட்டிற் சேர்க்கும் 10 வீதச் சேவைக் கட்டணமும், சுழியோடல் நிலையம் விடுதியினின்று வேறான தொழிலாக இருக்குமிடத்து, அவனை எட்டுவதில்லை. எஞ்சியிருப்பது, ஈர உடுப்பைக் கழற்றும் விருந்தினர் நீட்டும் சந்தோசமே.

இத்தொழிலில் இருக்கும் எங்களூர் இளைஞன் ஒருவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவன் நீட்டி முழக்கவில்லை.

“மேல வாங்கண்டு சைகை காட்டினா கோவப்படுறாங்க சேர். கோவப்பட்டவன் சந்தோசம் தருவானா?”

“அப்ப நீங்க என்ன செய்யிற தம்பி?”

“நான் மேல கூட்டி வந்துருவன். வாப்பா சொல்லித் தந்த பழக்கம். எல்லாரும் அப்பிடியிருப்பாங்கண்டு சொல்லேலா சேர்.”

இந்த மறுமொழியில் முழு வழக்கும் அடங்கிவிட்டது. விருந்தினருடைய மகிழ்ச்சியிலிருந்தே ஒருவனுடைய வீட்டு அடுப்பு எரியவேண்டுமென்று ஏற்பாடு செய்துவிட்டு, அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்கும் கடமையையும் அவனிடமே ஒப்படைத்திருக்கிறோம். அவன் கடமையைச் செய்வது அவனுடைய வளர்ப்பின் சிறப்பேயன்றி, நம் ஏற்பாட்டின் சிறப்பன்று.

நம் கடலின் பழைய வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். மன்னார்க் கடலில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பில், எடுத்துவந்த சிப்பிகள் மூன்று சம குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஒன்று குளித்தவர்க்கு உரியது. மூன்றிலொன்று போதுமா என்பது வேறு கேள்வி. கடல் கொடுத்தால் நிறைய, கொடாவிட்டாற் குறைய. ஆயினும், யாருடைய முகம் மலர்ந்தது, யாருடைய முகம் சுருங்கியது என்பதற்கும் அந்தப் பங்குக்கும் தொடர்பு இருக்கவில்லை. இறங்குமுன்னரே அது அவனுக்குத் தெரிந்த கணக்கு.

அம்முத்துக்குளிப்பில் இன்னொருவனும் இருந்தான். அவன் பெயர் ‘கடல்கட்டி’. மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டுபவன் என்று நம்பப்பட்டவன். அவன் இல்லாமற் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர் என்று எமர்சன் டெனென்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதியுள்ளார். அவருக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகட்கு முன் இக்கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, வணிகர்கள் அரசனுக்குப் பத்திலொன்றும், மீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொன்றும் கொடுத்தனர் என்கிறார். மந்திரத்துக்குச் சுறா அடங்கியதோ இல்லையோ, அந்த ஏற்பாட்டில் ஒரு விவேகம் இருந்தது. கடலில் இறங்குவோரின் உயிருக்குப் பொறுப்பானவனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துவிட்டனர். குளிப்பு நின்ற நாளில் அவனுக்கும் வரவில்லைதான்; ஆயினும் எந்த ஒருவனுடைய புன்னகையையும் அவன் எதிர்பார்த்து நிற்கவேண்டியிருக்கவில்லை. இன்று, மந்திரத்துக்குப் பதிலாக அழுக்கமானியும் அட்டவணையும் கையிலேந்திய நம் கடல்கட்டிக்கு அந்த இருபதிலொன்றின் உறுதிகூட இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் கரைவலையிலேயே இந்த வேற்றுமை விளங்கும். வலை இழுத்தவர்களுக்குப் பங்கு உண்டு. செலவு போக, வள்ளத்துக்கும் வலைக்கும் உரியதைக் கழித்து, மிகுதியைப் பிரிப்பர். அந்த வழியாற் போனவர் ஒருவர் கயிற்றில் ஒரு கை வைத்துவிட்டால், கறிக்கென்று நாலு மீனை அவருக்கும் அள்ளிக் கொடுப்பர். கறிக்குக் கொடுத்த மீன் அன்பு, பங்கு உரிமை. நாள் முழுவதும் வலை இழுத்தவனிடம் கறிமீனை நீட்டி, ‘இதுதான் உன் பங்கு’ என்று எந்தச் சம்மாட்டியாவது சொன்னால், அந்த வாடியில் மறுநாள் வலை இழுக்க ஆளிராது. உல்லாசப் பயணத்துறையில் மட்டும் கறிமீனைப் பங்கென்று சொல்ல நாம் பழகிவிட்டோம்.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இது புதிய நோயன்று. 1862இல் இங்கிலாந்தில், பரீட்சையில் மாணவர் பெறும் சித்திக்கேற்பப் பாடசாலைகளுக்கு மானியம் என்ற விதி வந்தது. அம்முறை பின்னர் இலங்கையின் உதவிபெறும் பாடசாலைகளையும் எட்டியது. பிள்ளை கற்றானா என்பதைவிடச் சித்தியெய்தினானா என்பதே பெரிதாயிற்று. இறுதியில் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. சான்றிதழுக்கு இவ்வளவு என்று சுழியோடல் பயிற்றுநனுக்குக் கணக்கிடுவதும் அதே முறைதான். பள்ளியிற் பழகாத பிள்ளை மறுவருடம் திரும்பப் படிக்கலாம். கடலிற் பழகாதவனுக்கு மறுவருடம் உண்டென்று யார் உறுதி சொல்ல வல்லார்?

எங்கள் சமூகத்தில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெப்பைக்கு ‘ஹதியா’ கொடுக்கும் வழக்கம் உண்டு. அன்பளிப்பு என்பது அதன் பொருள். அழகிய வழக்கமே. ஆயின், ஹதியா இருக்கிறதே என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துவிட்டால், கற்பிப்பவர் வீடுவீடாக முகம் பார்த்து நிற்கவேண்டியவராகிவிடுவார். அமர்த்துமுன் கூலி இவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டுமென்பது ‘இஜாரா’ என்னும் கூலி ஒப்பந்தத்துக்கு இஸ்லாமியச் சட்டநூல்கள் விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று. அது வெறும் கணக்கு விதியன்று. உழைப்பவனுடைய தலை நிமிர்ந்திருக்க வேண்டுமென்ற விதி.

நாட்டின் சட்டமும் இதை அறியாததன்று. 1941ஆம் ஆண்டிலேயே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 2016இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று விதித்தது. 2025இற் செய்த திருத்தத்தின்படி, 2026 ஜனவரி முதல் அத்தொகை 30,000 ரூபா. ஆயின், இச்சட்டம் வேலையாளனைக் காக்குமேயன்றி, ‘நீ சுயதொழில் செய்பவன், இறங்கினாற் காசு, இறங்காவிட்டால் இல்லை’ என்று சொல்லி வைக்கப்பட்டவனைக் காப்பது அரிது.

நிலையம் நடத்துவோர் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. பருவத்தொழில், ஆறு மாத வருமானம், பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது என்பர். பன்னிரண்டு மாதத்துக்குக் கேட்கவில்லை. பருவம் நடக்கும் மாதங்களுக்கு அறியப்பட்ட ஒரு சம்பளம். கடல் கொந்தளித்ததால் ‘இன்று வேண்டாம்’ என்று அவன் சொன்ன நாளுக்கும் அதே சம்பளம். மாணவன் தேறினாலும் தேறாவிட்டாலும் கற்பித்ததற்கு ஒரே வேதனம். இம்மூன்றுமே வேண்டுவன. இதனாற் கட்டணம் சற்று உயருமாயின் உயரட்டும். விருந்தினர் பின்னர் நீட்டப்போகும் பணத்தின் ஒரு பகுதியை முன்னரே பற்றுச்சீட்டில் எழுதுவதாகவே அது அமையும்.

அப்படியாயின் சந்தோசம் கொடுக்க வேண்டாமா? தாராளமாகக் கொடுக்கட்டும். கூலி முறையாகக் கொடுக்கப்பட்ட இடத்தில்தான் சந்தோசம் உண்மையிலேயே சந்தோசமாகிறது. பெறுபவனுக்கும் அது கூச்சமின்றிப் பெறத்தக்கதாகிறது. விருந்தினராகப் போகும் நம்மவர்க்கும் ஒரு சொல். பார்க்க வந்த ஆமையைக் காட்டியவனுக்குக் கொடுப்பது இயல்பு. ஆமையைக் காணுமுன்னரே நம்மை மேலே கூட்டிவந்து, நாம் சினந்தபோதும் பேசாமல் நின்றவனுக்குக் கொடுப்பதே அறிவு. அவன் நமக்குத் தந்தது ஒரு காட்சியன்று. நாளையும் காட்சி காண்பதற்குரிய கண்களை.