நெத்திலியின் கொம்பு

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மெரினா லூப் ரோட்டில் பட்டினப்பாக்கம் பக்கம் போனால் நொச்சிக்குப்பம். 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்ட மீன் அங்காடியில் 366 கடைகள். ஒரு காலை நேரத்து மீன் விலையை யாரோ ஒரு கல்லூரி மாணவி பார் சார்ட்டாகப் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழி, மேட்பிளாட்லிப் லைப்ரரி. இரண்டுக்கும் காசு கிடையாது. பத்து வரி எழுதி ஓடவிட்டால் கம்பங்கள் ஜோராக எழுந்து நிற்கும். அடியில் மீன் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கட்டத்துக்குக் கணினி உலகில் 'டோஃபு' என்று பெயர். பார்க்க அந்த சோயாக் கட்டி மாதிரியே இருப்பதால் வந்தது. 'டோஃபுவே வேண்டாம்' என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது.

இது சின்னக் கோளாறு. 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மேட்பிளாட்லிப் 'டேஜாவூ சான்ஸ்' எழுத்துருவைத்தான் தானாக எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழ் இல்லை. இதை அந்த லைப்ரரி மறைப்பதும் இல்லை. 'கிளிஃப் 2984, தமிழ் எழுத்து ந, இந்த எழுத்துருவில் இல்லை' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது. 2984 என்பது யூனிகோடில் 'ந'வின் வரிசை எண். நோயின் பெயரையே சொல்லிவிடுகிறது. நாம்தான் சிவப்பு எழுத்தைக் கண்டதும் படிக்காமல் கடந்துவிடுகிறோம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிய பிறகும் 'அப்படி ஒன்றைக் காணோம்' என்று அடம்பிடித்தால், பழைய எழுத்துருப் பட்டியலை அது ஒரு கோப்பில் சேமித்து வைத்திருப்பதுதான் காரணம். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் தமிழ் வந்துவிடும்.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். இறால் பிழைத்துக்கொள்ளும். சங்கராவும் தப்பிவிடும். வஞ்சிரம் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். நண்டில் 'டு'வின் உகரக் குறி ஒட்டாமல் தனியே தொங்கும். நெத்திலியில்தான் முழுக் குழப்பம்: முதலில் 'ந', அடுத்து ஒற்றைக்கொம்பு, அதற்கடுத்து 'த்'. கொம்பு போய் தகரத்தின் முன்னால் நிற்பதால் 'நதெ...' என்று தொடங்கும் ஏதோ ஒரு புது மீனாகத் தெரியும். கானாங்கெளுத்தியும் இப்படித்தான் 'கானாங்களெ...' ஆகும். இறாலையும் சங்கராவையும் மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே தோன்றியிருக்கும்.

கொம்பு ஏன் இடம் மாறியது? நாம் 'நெ' என்று சொல்லும்போது மெய் முதலில் ஒலிக்கிறது, உயிர் பிறகு. எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டுத்தான் 'ந' போடுகிறோம். தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் கொம்புக்குத்தான் முதல் தட்டு. டிஸ்கி போன்ற பழைய குறியீடுகள் அந்தக் கை வரிசையிலேயே சேமித்தன. அதனால் இந்த வம்பு அவற்றில் வரவில்லை. யூனிகோடு ஒலி வரிசையில் சேமிக்கிறது: முதலில் ந, பிறகு கொம்பு. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் அதுதான் தோது. ஆனால் திரையில் காட்டும்போது யாராவது அந்தக் கொம்பைப் பிடித்து முன்னால் நகர்த்தியாக வேண்டும். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியீட்டில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் இருப்பதால் அங்கே நகர்த்தும் வேலையே இல்லை. உலகத்து மென்பொருள்களெல்லாம் யூனிகோடு பக்கம் போய்விட்ட பிறகு அந்த வசதியைச் சொல்லிப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

கொம்பை நகர்த்துகிற அந்த 'யாரோ'வுக்குப் பெயர் ஹார்ஃப்பஸ். இரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாஹ்போத் வளர்த்தெடுத்த திறமூல நிரல் அது; 'ஓப்பன் டைப்' என்பதன் பாரசீக வடிவமே அதன் பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. கைப்பேசியில் தமிழ்ச் செய்தி ஒழுங்காகத் தெரிவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எந்த எழுத்துக்கு முன் எந்தக் குறி, எவ்வளவு தள்ளி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. போட்ட கணக்குப்படி வரைந்து தருவது ஃபிரீடைப் என்ற இன்னொரு நிரல். மேட்பிளாட்லிப்போ நெடுங்காலம் ஃபிரீடைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சேமித்த வரிசையிலேயே குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்தது. கொத்தனார் இருக்கிறார், மேஸ்திரி இல்லை.

அதற்காக அதை உருவாக்கியவரைக் குறை சொல்ல முடியாது. ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது; மேட்லாப் என்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் சாயலில் தானே ஒன்றை எழுதி 2003இல் பொதுவில் வைத்தார். 2012இல் 44 வயதில் இறந்துபோனார். அவருக்கு வேண்டியிருந்தவை கோடுகளும் ஆங்கில எழுத்துகளும்.

ஆக, பிழை எங்கே? தரவில் இல்லை, எழுத்துருவில் இல்லை, நடுவில் ஓர் ஆள் குறைகிறது. இதை ஊகத்தில் சொல்லக் கூடாது, ஒவ்வொரு படியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். அதே சொல்லை அதே எழுத்துருவில் பிரவுசரில் திறந்து பார்த்தால் சரியாக வருகிறதா? வந்தால் எழுத்துரு குற்றமற்றது. 1986 முதல் இருக்கிற நூபிளாட் என்ற வரைபட நிரலில் கெய்ரோ என்ற வரைகலை லைப்ரரி வழியாகப் படம் எடுத்தால் பாங்கோ என்ற நிரல் ஹார்ஃப்பஸைக் கூப்பிட்டுக் கொம்பைச் சரியாக வைக்கிறது. மேட்பிளாட்லிப்பிலேயே படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, எழுத்தைக் கோடாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டுவை என்று ஒரு வரி சேர்த்தால், வேலை பிரவுசர் தலையில் விழுந்து நெத்திலி நெத்திலியாகிவிடும். அவசரத்துக்குக் கைகொடுக்கும் குறுக்குவழி இது. ஹார்ஃப்பஸைச் சேர்த்துக்கொண்டு இயங்கும் ராக்ம் நிரலை உள்ளேயே இணைக்கும் பணியிலும் மேட்பிளாட்லிப் குழு இறங்கியது. ஆகவே மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

பில்லோ என்ற பட லைப்ரரியில் வேறு விதமான தொல்லை. ராக்ம் இருந்தால் அதைப் பயன்படுத்தும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பழைய முறைக்குப் போய்விடும். ஒரே நிரல் ஒருவர் மடிக்கணினியில் சரியாக வரும், பக்கத்து மேசையில் கொம்பு பிசகும். 'எனக்கு வருதே, உனக்கு ஏன் வரல?' என்று ஆரம்பிக்கிற சண்டைகளில் இதுவும் ஒன்று.

சோதனைச் சொல் தேடி வெளியே போக வேண்டாம், ஊர்ப் பெயரே போதும். 'நொச்சிக்குப்பம்' நமக்கு எட்டு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் பதினைந்து என்கிறது. புள்ளியையும் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் கணக்கு அது. நம் கணக்குப்படி எண்ண 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல லைப்ரரி இருக்கிறது. 'நொ'வில் கொம்பு, கால் இரண்டும் உண்டு. 'கு' உருவமே மாறுகிற எழுத்து. புள்ளி நாலு இடத்தில் வருகிறது. போதாததற்கு 'ொ' குறியை ஒரே எண்ணாகவும் போடலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் போடலாம். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டிய பட்டியலைச் சேர்த்து வரைந்தால் ஒரே குப்பத்துக்கு இரண்டு கம்பங்கள் எழும். இது லைப்ரரியின் பிழை அல்ல. தரவை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர 'என்எஃப்சி' என்ற முறை இருக்கிறது, பைத்தானில் ஒரு வரி வேலை.

பிழையை உருவாக்குநர்களுக்கு எழுதி அனுப்பும்போது முழு நிரலையும் கொட்டினால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஐந்து வரி, ஒரு சொல், எழுத்துருவின் பெயர், பதிப்பு எண். அதோடு இரண்டு படங்கள்: வந்தது ஒன்று, வர வேண்டியது ஒன்று. திருத்தப் போகிறவருக்குப் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாது. கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர் அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். மேட்பிளாட்லிப்பின் சோதனைகளில் பலவும் படத்தோடு படம் ஒப்பிடுகிறவை. சரியான படம் ஒன்று களஞ்சியத்தில் ஏறிவிட்டால், ஒவ்வொரு முறை யாராவது நிரலில் கைவைக்கும்போதும் சோதனை புதுப்படத்தைப் பழையதோடு புள்ளி புள்ளியாக ஒத்துப் பார்க்கும். நெத்திலியின் கொம்பு மறுபடி நகர்ந்தால் சோதனை அங்கேயே சிவப்பாகி நின்றுவிடும்.