சரக்கு வேனில் ஏறினால் இழப்பீடு உண்டா?

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்க, பேருந்தைத் தவறவிட்டால் கைகாட்டுவது சரக்கு வேனுக்குத்தான். மரவள்ளிக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, கட்டிய கயிற்றை இறுகப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு சாய்ந்து இறங்குவார்கள். அந்த வேன் கவிழ்ந்தால் இரண்டு கணக்குகள் தொடங்குகின்றன: சிகிச்சை ஒன்று, இழப்பீடு மற்றொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

சிகிச்சையில் நிலைமை மாறியிருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை தரத் திட்டம் வேண்டும் என்றது 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். ஆனாலும், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, அந்த ஆண்டு மே 5-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்குச் சிகிச்சை. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், நிற்காமல் ஓடிவிட்டாலும் உண்டு. தமிழ்நாடு 2021 டிசம்பரிலேயே முந்திக்கொண்டது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரம் இலவசம். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-ல் திறக்கப்பட்டுவிட்டது.

இழப்பீட்டில்தான் அநியாயம் நடக்கிறது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். காசு கொடுத்தோ சும்மாவோ ஏறிய பயணிக்கு அது பொறுப்பல்ல என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலையில் தன் கிழங்கு மூட்டையோடு இறங்குகிறவருக்குப் பாதுகாப்பு உண்டு. மூட்டையை விற்றுவிட்டு வெறுங்கையோடு மாலையில் அதே வேனில் மலையேறினால், அதே ஆளுக்கு அது இல்லை. கால் போனால் வேன்காரரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கோ தவணையில் வாங்கிய அந்த வேனே சொத்து. பேருந்து போதாத மலையில் வேனில் ஏறியது அந்தப் பயணி செய்த குற்றமா? கல்வராயன் மலைக்கு மாலைப் பேருந்துகளைக் கூட்டுங்கள். அதுவரை இந்தப் பயணிகளையும் இன்சூரன்ஸுக்குள் கொண்டுவாருங்கள்.

மலை மக்களுக்கு ஒரு வார்த்தை: விபத்து நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள், பணத்துக்காகத் தயங்க வேண்டாம். சொந்தச் சரக்கோடு போயிருந்தால் அதை முதல் தகவல் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள், சந்தை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம்.