வெள்ளரி விளைந்த ஆறு

சாத்தூர் பேருந்து நிலையத்தில் வண்டி நின்றால் போதும், வெள்ளரிப் பிஞ்சுகள் ஜன்னலோரம் வந்துவிடும். காராச்சேவுக்கும், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர் வாங்கிய ஊர். வெள்ளரிக்கும் அப்படித்தான். போன கோடையில் கூடையோடு நின்ற ஒரு அக்காவிடம், "இது ஆத்துக் காயாக்கா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆத்துல ஏது தம்பி மணலு? இது கிணத்துக் காயி."

அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுமந்துகொண்டு போகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, வெம்பக்கோட்டை அணையைத் தாண்டி, சாத்தூர் நகரத்தின் நடுவே ஓடி, இருக்கன்குடியில் அர்ஜுனா நதியையும் சேர்த்துக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது வைப்பாறு. வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தொடங்கி நடந்த அகழாய்வில் நுண்கற்காலக் கருவிகளும் சங்கு வளையல்களும் மணிகளும் கிடைத்தன. அவ்வளவு காலமாக மனிதர்கள் பிழைத்த கரை இது. மழை பெய்தால் நாலு நாள் பெருவெள்ளம், மற்ற நாளெல்லாம் வெறும் மணல் என்பதுதான் இந்த ஆற்றின் குணம். வடகிழக்குப் பருவமழை வடிந்து தை பிறந்ததும், ஈரம் தட்டும் வரை மணலைப் பறித்து, ஆட்டுப் புழுக்கை போட்டு, நாட்டு வெள்ளரி விதை ஊன்றுவார்கள். பக்கத்திலேயே கையால் ஒரு ஊற்றுத் தோண்டிக் குடத்தால் மொண்டு ஊற்றினால் போதும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பிஞ்சு பறிக்கலாம். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, பூச்சிமருந்து இல்லை. நாம் இன்றைக்கு 'இடுபொருள் செலவில்லா வேளாண்மை' என்று மேடை போட்டுப் பேசுவதை இந்த ஆற்று மணல் சும்மா செய்துகொண்டிருந்தது.

மணலின் வேலை வெள்ளரியோடு முடியவில்லை. நம்முடையது கரிசல் மண். முதல் மழையில் வெடிப்பு வழியாகத் தண்ணீரைக் குடிக்கும். ஊதிக்கொண்ட பிறகு வாயை மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்வதெல்லாம் ஓடையில், கண்மாயில், கடைசியில் ஆற்றில். அந்தத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்குகிற வாசல் ஆற்று மணல்தான். ஒரு கன மீட்டர் மணலில் கால் பங்குக்குமேல் இடைவெளி. அதாவது 250 லிட்டர் தண்ணீர் அதற்குள் உட்காரும். இந்த வெயிலில் திறந்து கிடக்கும் தண்ணீர் ஆண்டுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு ஆவியாகிப் போகிறது. மணலுக்கு அடியில் இரண்டு மூன்று அடி கீழே இருக்கிற தண்ணீரை வெயில் தொட முடியாது. மணலை லாரியில் ஏற்றியபோது, இரு கரைக் கிணறுகளின் தொட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். மணல் போன பள்ளத்தில் களிமண் படிந்தது. அதில் சீமைக்கருவேலம் ஏறியது. அதன் நிழலில் ஊர்ச் சாக்கடை வந்து தேங்கியது. இதுதான் வரிசை.

விருதுநகரில் இதே கதை இன்னும் முற்றிப்போன கதை. ஊரை ஒட்டி ஓடும் கௌசிகா நதியில் மழைநீரைப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில்தான் போக வேண்டும். மற்ற மாதங்களில் அது நகரத்துக் கழிவுநீரைக் குல்லூர்சந்தை அணைக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். அணைக்குக் கீழே பாசனம் செய்கிறவர்கள் உழவர்கள்தான். நஞ்சில்லா உணவு என்று நாம் சத்தியம் செய்து விளைவிக்கிறோம். மடையைத் திறந்தால் வருவது எது என்பது நம் கையில் இல்லை. எனக்குத் தெரிந்து இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் இதைப் பேசுவது குறைவு.

இப்போது எல்லா ஊரிலும் 'ஆற்றங்கரை மேம்பாடு' என்ற பேச்சு வருகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு வந்தவுடன் வரைபடத்தில் வருவது என்ன? இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடைபாதை, புல்தரை, கலர் விளக்கு. அகமதாபாத்தில் சபர்மதிக்கு அப்படித்தான் செய்தார்கள். சுவருக்குள் நிற்கிற தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. நமக்கு அப்படிக் கடன் கொடுக்க எந்த நர்மதை இருக்கிறது? பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது, கேரளம் ஒப்பவில்லை. அதை நம்பி இங்கே சுவர் கட்டினால், வெயிலில் கொதிக்கிற ஒரு சிமெண்ட் தொட்டிதான் மிஞ்சும்.

ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரத்தில் மன்சனாரெஸ் என்று ஒரு சின்ன ஆறு. அதைச் சுவருக்குள் அடைத்து, மதகு போட்டுத் தண்ணீரைத் தேக்கிக் குளம்போல் வைத்திருந்தார்கள். 2016-ல் மதகுகளைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மணல் தானாகத் திட்டுத் திட்டாகப் படிந்தது, நாணலும் செடியும் முளைத்தன, கொக்கும் நாரையும் வந்தன. மணல் வந்து படிவதற்கு ஆறு கேட்பது வழி ஒன்றைத்தான்.

சாத்தூருக்கு என்ன செய்யலாம்? என் கணக்கைச் சொல்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் சாக்கடை. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தாலும் 21 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு நாளுக்கு 16,000 லிட்டர் (4 மில்லிமீட்டர் மழைக்குச் சமம்) கொடுத்தால், 130 ஏக்கருக்கு வருஷம் பூராவும் பாயும். கரிசல் காட்டில் 130 ஏக்கர் நித்தியப் பாசனம் என்பது சின்ன விஷயமா? கழிவுநீர் ஆற்றில் விழுகிற ஒவ்வொரு வாயிலும் அதை மறித்து, முதலில் மலத்தையும் கசடையும் படியவிட்டு, பிறகு ஜல்லிப் படுகையில் கல்வாழை, சம்பு, வெட்டிவேர் வழியாக மெதுவாக நடக்கவிட வேண்டும். வெளிவரும் நீரை மரப்பயிருக்கும் தீவனப்புல்லுக்கும் கொடுக்கலாம். கீரைக்கும் வெள்ளரிக்கும் கூடாது, பச்சையாகத் தின்கிற எதற்கும் கூடாது. அச்சு, சாயம், பட்டாசு என்று வேலை நடக்கிற பகுதிகளில் அந்தக் கழிவு வீட்டுக் கழிவோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் மூன்று: ஆஸ்பத்திரி மருந்து, பூச்சிமருந்து, பட்டாசு மருந்து. எதையும் கல்வாழையால் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது.

அடுத்து சீமைக்கருவேலம். மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளையாக வரும். தரைக்குக் கீழே ஓரடியாவது தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் கரை முழுவதையும் மொட்டையடிப்பதும் தப்பு. வெறும் கரையை முதல் வெள்ளமே அரித்துவிடும். நூறு அடி எடுத்தால் அந்த நூறு அடியில் அதே மழைக்கு நட்டுவிட்டு அடுத்த நூறுக்குப் போகலாம். விறகும் கரிமூட்டமும் பல குடும்பத்துக்குச் சோறு என்பதால் வெட்டுகிற வேலையை அவர்களுக்கே கொடுப்பது நியாயம்.

எதை நடுவது? தண்ணீர் தொடுகிற இடத்தில் நாணல், வெட்டிவேர், நொச்சி. கரைச்சரிவில் புங்கன், நீர்மருது, நாவல். கரைமேல் பனை, வேம்பு, வாகை, இலுப்பை. ஆற்றுக்குள் ஒரு மரமும் வேண்டாம், அது மணலின் இடம். மரம் நடும் விழாக்களில் ஆற்றின் நடுவிலேயே குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன், என்னத்தச் சொல்ல.

சிவகாசி பக்கத்து உழவர்களுக்கு ஒரு வார்த்தை. 1920-களில் தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு வானம் பார்த்த பூமியும் வறண்ட காற்றும் ஒரு காரணம். வெள்ளாமை பொய்த்தபோது ஜனம் அந்த வேலைக்குப் போனது. பட்டாசு ஆலைகளில் விபத்துப் பயத்தால் கட்டடத்துக்குக் கட்டடம் தூரம் விடவேண்டும் என்பது விதி. அதனால் ஆலை நிலத்தில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில், மருந்து கழுவிய தண்ணீர் சேராத பக்கமாகப் பார்த்து, மழைநீருக்கு ஒரு குட்டை வெட்டினால் அர்ஜுனா நதிக்கு அது உதவி. ஆனைக்குட்டம் அணையும் கோல்வார்பட்டி அணையும் அந்த நதியை நம்பித்தான் நிற்கின்றன.

நம்மாழ்வார் ஐயா 1960-களில் வேலை பார்த்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில்தான். மானாவாரி உழவனுக்குக் கட்டுப்படியாகாத இடுபொருளை வைத்து ஆராய்ச்சி செய்து என்ன பயன் என்று கேட்டு, 1969-ல் வெளியே வந்தார். ஆற்றங்கரைத் திட்டம் எதுவானாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: பராமரிக்க யார், எந்தத் தண்ணீரில், எந்தக் காசில்?

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடுகிற நாள். ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் அன்றைக்கு 'மேலிருந்து சாக்கடை வரக்கூடாது, மணல் எடுக்கக்கூடாது' என்று தீர்மானம் போடலாம். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு 2022 விதிகளின்படி பகுதி சபை உண்டு. கூட்டத்துக்குப் போகும்போது வரைபடத்தைக் கேளுங்கள், ஆற்றின் அகலத்தைக் குறைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, விதை. ஆறு திரும்பும்போது விதை கையில் இல்லையென்றால் கம்பெனிப் பாக்கெட்டைத்தான் பிரிக்க வேண்டும். வைப்பாற்றங்கரை நாட்டு வெள்ளரி வைத்திருப்பவர்கள், கொடிக்கு ஒரு நல்ல காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிடுங்கள். விதையை வழித்து, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து மண்கலயத்தில் எடுத்து வையுங்கள். பக்கத்தில் கலப்பினம் போட்டிருந்தால் கலந்துவிடும், பார்த்துக்கோங்க. கைவசம் இருப்பவர்கள் இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள். தைக்கு முன்னால் ஒரு பிடி விதை வாங்க நானே வருகிறேன்.