உங்களுக்குத் தெரியுமா? அலுவலக மெயிலும் அதை அழியாமல் எடுத்துவைக்கும் வழிகளும்

பதினைந்து வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் இன்பாக்ஸில் என்னவெல்லாம் இருக்கும்? விலைப்புள்ளி, ஒப்பந்தம், வாடிக்கையாளர் கொடுத்த வாக்கு, மேலாளர் எழுதிய பாராட்டு. வேலையை விட்ட அன்று மாலையே கணக்கு மூடப்பட்டால் இத்தனையும் கைவிட்டுப் போகும். எந்தக் கணினியிலும் திறக்கிற கோப்பாக மாற்றிவைத்த மெயில்தான் நிலைக்கும். அதற்கு உதவும் தகவல்கள் இங்கே.

முதல் மெயிலே மிஞ்சவில்லை

1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாக முதல் மெயிலை அனுப்பியவர் ரே டாம்லின்சன். முகவரியில் @ குறியைப் புகுத்தியவரும் அவரே. அந்த மெயிலில் என்ன எழுதினீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது அவருக்கே நினைவில்லை. சோதனைக்கு அனுப்பியதுதானே என்று யாரும் எடுத்துவைக்கவில்லை.

இஎம்எல்: நோட்பேடே போதும்

ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்பது இஎம்எல் வடிவம். உள்ளே இருப்பது வெறும் எழுத்துகள். நோட்பேடில் திறந்தாலே அனுப்பியவர், பெறுபவர், தேதி, கடந்துவந்த சர்வர்கள் என்று எல்லாம் வரிவரியாகத் தெரியும். இதற்கு அடிப்படையான ஆர்எஃப்சி 822 விதிமுறை 1982இல் வந்தது. 2001இலும் 2008இலும் திருத்தினார்கள், அடிக்கட்டுமானம் மாறவில்லை. நாற்பது ஆண்டைத் தாண்டிய ஒரு வடிவத்தை நம்பி நம் கடிதங்களை ஒப்படைக்கலாம்.

எம்பாக்ஸ்: ஆயிரம் மெயில், ஒரே கோப்பு

யூனிக்ஸ் காலத்திலிருந்தே புழங்கும் வடிவம் இது. மெயில்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து ஒரே கோப்பாக்கிவிடும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதை எப்படி அறிவது? 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாக ஒரு வரி தொடங்கினால் அது புது மெயில். கடிதத்துக்கு உள்ளேயே ஒரு வரி அப்படித் தொடங்கிவிட்டால், குழப்பம் வராமல் அதன் முன்னால் > குறி போடுவது வழக்கம். பழைய மெயிலில் சம்பந்தமில்லாமல் அந்தக் குறி தென்பட்டால் இதுதான் காரணம். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வழக்கமாகச் சேமிப்பதும், ஜிமெயிலை மொத்தமாக இறக்கித்தரும் டேக்அவுட் வசதி தருவதும் இந்த வடிவம்தான்.

பிஎஸ்டி: 2 ஜிபி கண்ட கண்டம்

அவுட்லுக் பயன்படுத்தும் பெட்டகம் பிஎஸ்டி. 2002 பதிப்பு வரை இதற்கு 2 ஜிபி உச்சவரம்பு. அதைத் தொட்டுவிட்டால் கோப்பு திறக்க மறுக்கும். ஒரு பகுதியை வெட்டியெறிந்து மீதியை மீட்க மைக்ரோசாஃப்ட் தனிக் கருவியே வெளியிட வேண்டியிருந்தது. அவுட்லுக் 2003இல் யூனிகோட் பிஎஸ்டி வந்த பிறகுதான் அந்தச் சுவர் உடைந்தது. 2010இல் பிஎஸ்டியின் உள்கட்டமைப்பை மைக்ரோசாஃப்ட் பகிரங்கமாக வெளியிட்டது. லினக்ஸில் 'ரீட்பிஎஸ்டி' என்ற இலவசக் கருவி பிஎஸ்டியை எம்பாக்ஸாகவோ இஎம்எல்லாகவோ மாற்றித் தரும். பழைய பிஎஸ்டி கையில் இருந்தால், திறக்க முடிகிறபோதே மாற்றிவிடுங்கள்.

ஓஎஸ்டியை நம்பாதீர்கள்

அவுட்லுக் கணினியில் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்பு, சர்வரில் இருப்பதன் நகல் மட்டுமே. அதைப் பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியின் அவுட்லுக்கில் திறக்க முடியாது. அது அந்தக் கணக்கோடு பிணைந்தது. கணக்கு உயிரோடு இருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்து பிஎஸ்டியாக எடுக்க வேண்டும்.

பிரின்ட் எடுத்தால் போதுமா? நீதிமன்றம் சொன்னது

1986 நவம்பரில் ரகசிய ஆயுத விற்பனை தொடர்பாக அமெரிக்காவில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தபோது, வெள்ளை மாளிகை அதிகாரிகளான ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் கணினியில் இருந்த மெயில்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். அப்போது அங்கே ஓடியது 'பிராஃப்ஸ்' என்ற ஐபிஎம் மெயில் அமைப்பு. அவர்கள் அழித்தது திரையில் இருந்ததை; பேக்கப் டேப்புகளில் பிரதி அப்படியே இருந்தது. விசாரணைக்கு அவை பெரும் சான்றாயின.

அதிபர் ரீகனின் பதவி முடியும் நேரத்தில், 1989 ஜனவரியில், அந்த டேப்புகளையும் அழிக்கும் நிலை வந்தது. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகையாளரும் நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்ற ஆய்வு நிறுவனமும் நீதிமன்றம் சென்று தடை வாங்கினார்கள். முக்கியமானதைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்துவைத்தால் போதும் என்பது அரசின் வாதம். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாருக்கெல்லாம் போனது, எப்போது போய்ச் சேர்ந்தது என்ற விவரங்கள் காகிதத்தில் விடுபட்டுப் போகலாம். ஆகவே மின்வடிவத்தைக் காகிதம் ஈடுசெய்யாது என்றது. மெயிலைக் காப்பது என்றால் கடிதத்தோடு உறையையும் காப்பது என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது.

பிடிஎஃப்பிலும் ஒரு நல்ல வகை உண்டு

சாதாரணமாகப் பிரின்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் இணைப்புக் கோப்புகள் கூடவே வராது. தலைப்பகுதி விவரங்களில் பெரும்பாலானவை காணாமல் போகும். நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது பிடிஎஃப்/ஏ. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவைக்க வேண்டும் என்பது அதன் விதி. அதனால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைவதில்லை. 2012இல் வந்த பிடிஎஃப்/ஏ-3 வகையில் எந்தக் கோப்பையும் உள்ளே இணைக்கலாம். படிக்க பிடிஎஃப், அதன் வயிற்றில் அசல் இஎம்எல் என்று இரண்டையும் ஒன்றாக வைக்க வழி கிடைத்தது.

'வணக்கம்' எழுத 28 குறிகள்

இஎம்எல்லை நோட்பேடில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த கூட்டம் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது பேஸ்64 என்ற குறிமுறை. 1992இல் வந்த மைம் விதிமுறையால் எல்லா மொழிகளும் படங்களும் மெயிலில் பயணம் செய்யத் தொடங்கின. மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாக மாற்றுவது பேஸ்64இன் கணக்கு. 'வணக்கம்' யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு; ஒவ்வொன்றும் 3 பைட் என்று 21 பைட்; பேஸ்64இல் 28 குறி. ஓர் அடையாளமும் உண்டு: இந்தக் குறிமுறையில் தமிழ்ச் சொல் எதுவும் '4கே6' என்றோ '4கே+' என்றோதான் தொடங்கும், நடுவில் இருக்கும் 'கே' ஆங்கிலப் பெரிய எழுத்து. கூட்டத்தின் தொடக்கத்தில் அதைக் கண்டால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது.

இணைப்புகளுக்கும் இதே கணக்கு. 15 எம்பி கோப்பு மெயிலில் ஏறும்போது 20 எம்பி ஆகிவிடும். சேமிக்க இடம் ஒதுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் மெயில் வைத்திருக்கிறீர்களா?

யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்களில் தமிழ் எழுதினோம். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அந்தப் பழைய குறியேற்றங்களில் எழுதிய மெயில்கள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகவே தெரியும். மாற்றித்தரும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றிய பிரதியையும் அசலையும் சேர்த்தே வையுங்கள். மாற்றத்தில் பிழை வந்தால் திரும்பிப் பார்க்க அசல் வேண்டும்.

லிங்க் என்பது இணைப்பு ஆகாது

இன்று பலரும் கோப்பை மெயிலில் இணைக்காமல் டிரைவ், ஒன்டிரைவ் லிங்க்காக அனுப்புகிறார்கள். மெயிலை எக்ஸ்போர்ட் செய்தால் வருவது லிங்க் மட்டுமே. கணக்கு மூடிய மறுநாள் அந்தக் கதவு திறக்காது. முக்கியமான லிங்குகளைத் திறந்து, கோப்பை இறக்கி, மெயிலின் பக்கத்திலேயே வையுங்கள்.

சட்டம் என்ன கேட்கிறது?

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆவது பிரிவு மின்பதிவுகளைப் பாதுகாக்க மூன்று நிபந்தனை வைக்கிறது. பின்னாளில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். உருவான வடிவிலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் போனது என்ற விவரம் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் தன் 63ஆவது பிரிவில் மின்சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்புக்கும் இடம் உண்டு. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 குறி கொண்ட கைரேகை. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ரேகை மாறிவிடும். எடுத்துவைத்த அன்றே அதைக் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள்.

என்ரான் தரும் எச்சரிக்கை

அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2001இல் திவாலானது. விசாரணையின் பகுதியாக அதன் மெயில்களை 2003இல் அரசு ஆணையம் பொதுவில் வெளியிட்டது. சுமார் 150 பேரின் ஏறக்குறைய ஐந்து லட்சம் மெயில்கள். அவற்றில் குடும்ப விஷயங்களும் கலந்திருந்தன. ஸ்பேமைக் கண்டறியும் ஆய்வுகளுக்கு அந்தத் தொகுப்பு இன்றுவரை உதவுகிறது. ஆனால் வீட்டுக்கு எழுதிய வரிகள் உலகத்தின் பார்வைக்குப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். சொந்த விஷயத்துக்குச் சொந்தக் கணக்கு. அலுவலக மெயிலைப் பிரதி எடுக்கும் முன் எழுத்துபூர்வ அனுமதி. பிறருடைய ரகசியம் நம் பென்டிரைவில் ஊர்சுற்றக் கூடாது.

தேதியைப் பெயரிலேயே எழுதுங்கள்

இறக்கிய கோப்பில் கணினி காட்டும் தேதி, பெரும்பாலும் நீங்கள் இறக்கிய நாள். மெயில் வந்த நாள் உள்ளே, தலைப்பகுதியில் இருக்கும். இந்திய நேரம் என்றால் பக்கத்தில் +0530 என்றிருக்கும். '2024-07-01' என்று வருடம், மாதம், நாள் வரிசையில் கோப்பின் பெயரைத் தொடங்கினால், பெயர்வாரி அடுக்கும்போதே காலவரிசையும் அமைந்துவிடும்.

திறந்து பார்த்தால்தான் பேக்கப்

டேக்அவுட் தரும் லிங்க் சுமார் ஏழு நாளில் காலாவதியாகும். அலுவலகக் கணக்கில் நிர்வாகி அந்த வசதியை மூடிவைத்திருக்கவும் கூடும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கணினியில் தண்டர்பேர்டில் திறந்து, மிகப் பழைய மெயில் ஒன்று, தமிழ் மெயில் ஒன்று, இணைப்போடு வந்தது ஒன்று என மூன்றைப் படித்துப் பாருங்கள். மூன்றும் திறந்தால் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, வேறொரு கட்டடத்தில் வையுங்கள். கணக்கு மூடும் தேதி நம் கையில் இல்லை; இந்த அரை மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது.